யாரு பாக்குறது? சென்சிட்டிவிட்டி ரீடிங் பற்றி ஓர் அறிமுகம்

போன வருடம் ஏற்காட்டைக் களமாக வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். சேலத்துக்காரனுக்கு ஏற்காட்டைப் பற்றி எழுத என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயதிலிருந்து எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கதையின் நாயகி காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண். எழுதி முடித்ததும் பதினான்கு பக்கம் அச்செடுத்து, ஏற்காட்டில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கொடுத்தேன். நாகலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் சிற்றூர் அவருடையது. சேலத்தில் தங்கித் தமிழ் எம்.ஏ. படித்தவர். கையில் எப்போதும் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். எழுத்துப் பிழை எதையும் அவர் தொடவில்லை. அங்கங்கே பென்சிலில் சின்னச் சின்ன வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், ஒரே கேள்வி: "யாரு பாக்குறது?" முதல் பக்கத்தில் இரண்டு இடம், நாலாம் பக்கத்தில் மூன்று இடம். பதினோராம் பக்கத்தில் ஒரு பத்தியையே வளைத்து வைத்திருந்தார்.

இப்படிப் படித்துக் கொடுப்பதற்கு ஆங்கிலப் பதிப்புலகில் ஒரு பெயர் இருக்கிறது: சென்சிட்டிவிட்டி ரீடிங். படித்துக் கொடுப்பவர் சென்சிட்டிவிட்டி ரீடர். எனக்கு இந்தப் பெயரெல்லாம் பிற்பாடுதான் தெரிய வந்தது. கதை எழுத ஆரம்பித்திருப்பவர்களுக்கு இது என்ன, எப்படி நடக்கிறது, இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் என்ன?

தான் பிறந்து வளராத ஒரு சமூகத்தை, தன் உடம்பு அறியாத ஒரு குறைபாட்டை, தனக்கு வாய்க்காத ஒரு பாலின அனுபவத்தை ஒருவர் கதையில் எழுதுகிறார். அச்சுக்குப் போவதற்கு முன்னால், அந்த வாழ்க்கையை வாழ்ந்து அறிந்த ஒருவர் படித்துப் பார்க்கிறார். தகவல் எங்கே தப்பு, எந்த வரி சினிமாவில் பார்த்துப் பார்த்துச் சலித்தது, எந்தச் சொல் முள்ளாகக் குத்துகிறது என்று குறித்துக் கொடுக்கிறார். அதற்கு மேல் திருத்துவதா, அப்படியே விடுவதா என்பது எழுதியவர் பாடு.

கோர்ட் காட்சி எழுதினால் தெரிந்த வக்கீலிடம் காட்டுகிறோம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையைப் பற்றி எழுதினால் வெள்ளி உருக்குகிற ஒருவரிடம் நாலு கேள்வி கேட்கிறோம். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. மனிதர்களை எழுதும்போது மட்டும் "எனக்குத் தெரியாதா?" என்று தோன்றிவிடுகிறது. பார்த்திருக்கிறோம், பேசியிருக்கிறோம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம், அப்புறம் என்ன என்கிற தைரியம்.

பெயரைத் தமிழாக்குவதில் ஒரு சிக்கல். "உணர்வு" என்று ஆரம்பித்தாலே நம் ஊரில் அடுத்த வார்த்தை "புண்பட்டது" என்றுதான் வந்து நிற்கும். மனு, மறியல், மன்னிப்புக் கடிதம் எல்லாம் கூடவே ஞாபகத்துக்கு வரும். சேலத்திலிருந்து திருச்செங்கோடு ஒன்றும் தூரம் இல்லை. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அதுவும் சேலம் மாவட்டம்தான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு அங்கே 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்னது. இதெல்லாம் கண்முன்னால் நடந்த ஊரில் "உணர்வுக்காக ஒருவர் படித்துப் பார்ப்பார்" என்றால், எழுதுகிறவர் முதுகு சில்லிடத்தான் செய்யும்.

அங்கே நடந்தது வேறு, இங்கே பேசுவது வேறு. அங்கே புத்தகம் வெளிவந்து நாலு வருடம் கழித்து, கூட்டம் சேர்ந்து, எழுதியதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். சென்சிட்டிவிட்டி ரீடரைக் கூப்பிடுவதே எழுத்தாளர்தான். அவர் கையில் இருப்பது பென்சில், கட்டளை இல்லை. அவர் சொன்னதை நீங்கள் கேட்காவிட்டாலும் கதை உங்களுடையதுதான். இதனால்தான் நான் தமிழில் பெயர் தேடி மெனக்கெடவில்லை. மூலப்பெயரை அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். கடையில் பேசும்போது "படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றால் போதும்.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்பாளர்களிடம், முக்கியமாகச் சிறுவர், பதின்வயதினர் நூல்களில், 2010களில் இந்த வழக்கம் பரவலாகப் பேசப்பட ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் பழைய வாதம் ஒன்று உண்டு. ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். கண்ணாடியில் தன் முகம் தெரியும், சன்னலில் அடுத்த வீடு தெரியும். கறுப்பினக் குழந்தைகள் புத்தகத்தைத் திறந்தால் தங்கள் முகமே இல்லை, இருந்தாலும் கோணலாக இருக்கிறது என்பது அவர் கவலை. 2015இல் கொரின் டுய்விஸ் என்ற டச்சு எழுத்தாளர், தம் அனுபவத்தைத் தாமே எழுதும் எழுத்தாளர்களை அடையாளம் காட்ட "ஓன் வாய்சஸ்" என்ற ஹேஷ்டேகைத் தொடங்கினார். நல்ல எண்ணத்தில் வந்ததுதான். போகப்போக அது முத்திரையாக மாறி, "நீ நிஜமாகவே அந்தச் சமூகமா, நிரூபி" என்று எழுதுகிறவர்களையே குடைய ஆரம்பித்தது. இந்த இயக்கத்தில் முன்னால் நின்ற ஓர் அமெரிக்க அமைப்பே 2021இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது.

வரலாறு இந்த அளவு போதும். இனி என் பதினான்கு பக்கத்துக்கு வருகிறேன்.

வட்டம் போட்ட இடங்கள்

"அண்ணா, கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?" என்றுதான் ஆரம்பித்தார்.

"சொல்லும்மா, அதுக்குத்தானே குடுத்தேன்."

"இந்தப் பொண்ணு பதினாலு பக்கத்துல ஒம்போது தடவ சிரிக்குது. ஒரு தடவகூட கணக்குப் பாக்கல. பழம் பறிக்கப் போறவ, இன்னிக்கி எத்தன கிலோ ஆச்சுன்னு மனசுல ஓட்டாம இருப்பாளா?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்து முதல் பக்கத்து வட்டம். "வெள்ளந்தியான மலைச் சிரிப்பு" என்று எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த வரி. "இது திட்டு இல்லையேம்மா, பாராட்டித்தானே எழுதியிருக்கேன்" என்றேன்.

"பாராட்டுதாண்ணா. ஆனா இது மிளகு வாங்க வர்ற யாவாரி எங்களப் பத்திச் சொல்ற வார்த்த. 'வெள்ளந்தி சனம்'னு ஒருத்தன் சொன்னா, வெலையக் கொறைக்கப் போறான்னு எங்கம்மா உசாராயிரும்."

"யாரு பாக்குறது?" என்ற கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வரியில் என் நாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் அம்மா இல்லை, தோழி இல்லை, அவளே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவும் இல்லை. கீழிருந்து தராசோடு ஏறி வந்த ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஆளின் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு, அது என் கண் என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

புதிதாக எழுதுகிறவர்கள் இந்த ஓர் இடத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சென்சிட்டிவிட்டி ரீடிங் என்றதும் நாம் வசைச்சொல்லைத் தேடுகிறோம். வசை கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், கொஞ்சம் நிதானமானவர்கள் அதை எழுதவும் மாட்டார்கள். ஒளிந்துகொள்வது புகழ்ச்சியில்தான். மலைவாழ் மக்கள் கள்ளங்கபடம் இல்லாதவர்கள், பார்வையற்றவருக்கு மற்ற புலன்கள் அபாரம், துப்புரவுத் தொழிலாளிக்குத் தங்கமான மனசு, கிராமத்துப் பாட்டிக்கு எல்லா நோய்க்கும் கைவைத்தியம் தெரியும் என்று எழுதும்போது நமக்குக் கை நடுங்குவதில்லை. நல்லதுதானே சொல்கிறோம்! ஆனால் அந்தப் பாத்திரம் பொய் சொல்ல முடியாது, பேராசைப்பட முடியாது, வட்டிக்கணக்குப் போட முடியாது. மனிதர் என்றால் செய்யக்கூடிய பாதி காரியங்களை நாமே அவரிடமிருந்து பிடுங்கி வைத்துவிட்டோம்.

பிழைகளில் சில வெறும் தகவல் பிழை. என் நாயகி பகலில் காப்பிப் பழம் பறித்துவிட்டு, மாலையில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஓடுகிறாள். சேர்வராயன் மலையில் காப்பிப் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை நடக்கும். திருவிழா மே மாதம். மே மாதத்தில் செடியில் பறிக்க ஒன்றும் இருக்காது, பூத்து முடிந்து பிஞ்சு நிற்கும். "அண்ணா, அவ எதப் பறிச்சா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொரு வட்டம் நில உரிமையில். கதையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாம் கீழிருந்து வந்தவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் எல்லாம் மலைக்காரர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து பெரிய எஸ்டேட்டுகளின் கதை அப்படித்தான் இருந்திருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி, அடியில் காப்பி வைத்திருக்கும் சிறு விவசாயிகள் மலையாளிகளிலும் உண்டு. "எங்கப்பாவுக்கு ஒண்ணேகால் ஏக்கர் இருக்கு. நாங்க ஆளு வெச்சுப் பறிக்கிறோம்" என்றார் அவர். ஆள் வைத்துப் பறிக்கும் மலையாளிக் குடும்பம் என் கற்பனையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோராம் பக்கத்துப் பெரிய வட்டம் ஒரு கல்யாணச் சடங்கு. அதை நான் எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் ஒன்றிலிருந்து எடுத்திருந்தேன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த நூல் அது. எழுதுகிறவர்கள் பலரும் அதில் போய்த்தான் முதலில் தண்ணீர் மொண்டு வருவோம். ஆட்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து வகை பிரித்த காலத்து மனிதர் தர்ஸ்டன். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ சொல்ல யாரோ எழுதிக்கொண்ட சடங்கை, கையில் போன் வைத்திருக்கும் பெண்ணின் கல்யாணத்தில் நான் கொண்டுபோய் வைத்திருந்தேன். "எங்க ஊர்க் கல்யாணத்துல இப்ப டிஜே வெக்கிறாங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அவர் வட்டம் போடாமல், நானே பிறகு கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கதையில் உடம்பின் நிறத்தைச் சொன்ன இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டுப் பார்த்தேன். நான்கு இடம். நான்குமே மலைக்காரர்களுக்கு. சேலத்திலிருந்து வரும் மேனேஜருக்கு நிறமே இல்லை. பேச்சிலும் அதே கதைதான். மலைக்காரர்கள் வாயில் கொச்சையாகப் பிரித்துப் பிரித்து எழுதிய பேச்சு, மேனேஜர் வாயில் பாடப்புத்தகத் தமிழ். நிஜத்தில் எந்தச் சேலத்து மேனேஜர் "நீ ஏன் தாமதமாக வந்தாய்?" என்று கேட்பார்? "ஏம்மா, இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு?" என்பார். நிறமும் வட்டார வழக்கும் சாதியும் "அவர்களுக்கு" மட்டும் ஒட்டிக்கொண்டு, "நமக்கு" ஒன்றுமே இல்லாமல் போனால், கதை யார் பக்கம் உட்கார்ந்து எழுதப்பட்டது என்று வாசிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். இந்த அடிக்கோடு வேலைக்கு ரீடர்கூடத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

அவர் கைவைக்காத ஒரு பாத்திரம் எனக்கு ஆச்சரியம் கொடுத்தது. நாயகியின் மாமா. குடிப்பார், தங்கை மூட்டை கட்டி வைத்த மிளகை ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிடுவார். கதையைக் கொடுக்கும்போது நான் பயந்ததெல்லாம் இவருக்காகத்தான். பழங்குடி ஒருவரைத் திருடனாகக் காட்டிவிட்டோமே என்று. "மாமாவ ஏன் மாத்தணும்? கதையில உசிரோட இருக்கறதே அவர் ஒருத்தர்தான். இந்த மாதிரி ஆளு எங்க ஊர்லயே ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். யோசித்துப் பார்த்தால், மாமாவுக்கு மட்டும்தான் நான் காரணம் கொடுத்திருந்தேன். அவருக்குக் கடன் இருந்தது, பழைய கோபம் இருந்தது, மூட்டையைத் தூக்கும்போது முதுகு வலித்தது. நல்லவளாக எழுதிய நாயகிக்குச் சிரிப்பைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை.

பெயர்களும் சொற்களும்

கதையைச் சென்னை நண்பர் ஒருவருக்கும் அனுப்பியிருந்தேன். "மலையாளிப் பெண்ணுன்னு போட்டிருக்கீங்க, ஓணம் பத்தி ஒரு வரியும் காணோமே?" என்று கேட்டார். இந்தக் குழப்பம் தமிழ்நாட்டிலேயே நிறையப் பேருக்கு உண்டு. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலைகளில் வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்களும் இவர்கள்தான், 2011 கணக்கெடுப்பில் 3.5 லட்சத்துக்கும் மேல். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. இதை எல்லாம் கதையில் பாடமாக நடத்த முடியாது. முதல் பக்கத்தில் "காப்பி", "மலை", "ஏற்காடு பஸ்" எல்லாம் வருகிற மாதிரி மாற்றினேன், நண்பருக்கு ஓணம் மறந்துபோனது.

சொற்களில் கவனிக்க வேண்டியது, அவை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. அகராதியில் "காலனி" என்றால் குடியிருப்பு, அவ்வளவுதான். ஊருக்குள் "அவன் காலனிக்காரன்" என்று சொல்லும்போது தொனி என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். மாற்றுப் பாலினத்தவர், பால்புதுமையரைக் குறிக்க ஊடகங்கள் கண்டபடி சொற்களைப் பயன்படுத்தி வந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கேள்வி கேட்டு, 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, ஊடுபால் (இன்டர்செக்ஸ்) போன்ற சொற்களுக்கு அங்கே இடம் உண்டு. "ஊனமுற்றோர்" என்பது 2010 வாக்கில் அரசு வழக்கில் "மாற்றுத்திறனாளி" ஆனது.

இதிலும் ஒரு நுணுக்கம். கதைசொல்லியின் குரலில் வரும் சொல் வேறு, பாத்திரத்தின் வாயில் வரும் சொல் வேறு. சாதித் திமிர் பிடித்த ஒரு பெரியவர் கதையில் அரசிதழைப் படித்துவிட்டுப் பேச மாட்டார். அவர் வாயில் வர வேண்டியது வரத்தான் வேண்டும். விவரிக்கிற குரல் அதே சொல்லைச் சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனால்தான் ரீடரின் பென்சில் இறங்கும்.

உடற்குறைபாட்டைப் பற்றிக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு காட்சிகளை மட்டும் சொல்கிறேன். பார்வையற்ற நாயகி நாயகனின் முகத்தைக் கையால் தடவித் தெரிந்துகொள்வாள். முன்பின் தெரியாதவர் முகத்தை யாராவது தடவுவார்களா? பார்வையற்றவர் குரலை வைத்தே ஆளை அடையாளம் காண்பார், போனில் வரும் மெசேஜை நாம் புரிந்துகொள்ள முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். அந்த வேகத்தை எழுதிப் பாருங்கள், தடவலைவிட நூறு மடங்கு சுவாரசியம். இரண்டாவது, கடைசிக் காட்சியில் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பது. குணமானால்தான் சுபம் என்றால், குணமாகாதவருக்குக் கதையே இல்லை என்று ஆகிவிடுகிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காட்சி ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டுவது பற்றிய வழக்கு ஒன்றில், புரிய வைக்கும் நகைச்சுவையையும் இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் பிரித்துப் பேசியது. அவர்களையும் கலந்துகொண்டே அவர்களைப் பற்றிய படைப்பு வர வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பு சினிமாவை நோக்கியது. கதை எழுதுகிறவர் ஒட்டுக் கேட்டால் தப்பில்லை.

திருநங்கை பாத்திரங்கள் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. ரயிலில் கைதட்டிக்கொண்டு வருவதைத் தவிர வேறு ஒரு காட்சி உங்கள் கதையில் அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கடை வரிசை, வாடகை வீட்டு அட்வான்ஸ், பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடிச் சண்டை, எதுவானாலும் சரி.

ஒரு பானை, ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்குச் சரி. மனிதர்களிடம் இந்தப் பழமொழி எடுபடாது.

இ-சேவைப் பெண்ணிடம் கேட்டது போதாது என்று கொட்டச்சேடு பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவரிடமும் கதையைச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். படிக்க நேரமில்லை என்று சொன்னதால், வண்டியில் போகும்போதே வாசித்துக் காட்டினேன். வெள்ளந்தி வரி வந்ததும், "நல்லாத்தானப்பா இருக்குது, ஏன் எடுக்கற?" என்றார். டிஜே வைக்கிற கல்யாணம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பழைய சடங்கைப் போடு, வருகிற பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்றார்.

ஒரே மலை. இரண்டு பேரும் இரண்டு விதம். யார் சொல்வது சரி? ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற சமாச்சாரம் இல்லை இது. எந்த ரீடரும் தன் சமூகத்தின் அதிகாரபூர்வப் பிரதிநிதி கிடையாது, முத்திரை குத்திக் கொடுக்கும் அதிகாரியும் கிடையாது. அவர் சொல்லும் காரணத்தைத்தான் எடைபோட வேண்டும். வியாபாரியின் தராசு எனக்குக் கண்ணில் தெரிந்தது, அதனால் வெள்ளந்தியை எடுத்துவிட்டேன். அண்ணனின் பேச்சைக் கேட்டு, சடங்கை ஒரு பாட்டியின் நினைவாகக் கதைக்குள் வைத்தேன். கல்யாணம் டிஜேயோடுதான் நடக்கிறது. பாட்டி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஓர் இடத்தில் மட்டும் நான் அந்தப் பெண்ணின் பேச்சை ஏற்கவில்லை. சேலத்து ஹாஸ்டலில் நாயகியின் பேச்சைக் கேலி செய்கிற காட்சி. "எல்லாக் கதையிலயும் எங்கள கேலி பண்றதுதான் வருதுண்ணா" என்று அந்தப் பெண் சொன்னார். நியாயம்தான். ஆனால் கதை அங்கேதான் திரும்புகிறது, அதை எடுத்தால் மிச்சம் நிற்காது. வைத்துக்கொண்டேன். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வழக்கத்தைப் பற்றிய பெரிய புகார், எழுத்தாளரின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது. 2023 பிப்ரவரியில் பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் "குண்டு" போன்ற சொற்களை மாற்றிப் புதிய பதிப்பு வந்தபோது உலகம் முழுக்கச் சண்டை வந்தது. சல்மான் ருஷ்டி கடுமையாகக் கண்டித்தார். கடைசியில் பழைய வடிவத்தையும் சேர்த்து வெளியிடுவதாகப் பதிப்பகம் சொன்னது. என் எண்ணத்தில் அந்தக் கோபம் சரியானதே. டால் 1990இலேயே இறந்துவிட்டார். "இந்த வட்டத்தை ஏற்கிறேன், இதை ஏற்கவில்லை" என்று சொல்ல அவர் இல்லை. உயிரோடு இருப்பவர் தன் கையெழுத்துப் படியை நண்பரிடம் நீட்டுவதும், இல்லாதவர் நூலில் பின்னால் வந்தவர்கள் கத்தரி வைப்பதும் ஒரே கணக்கில் வராது.

ஆளைப் பிடிப்பது எப்படி?

முதலில், கதை எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். என் தவறு அது. கரு உருவாகும்போதே நாலு பேரிடம் பேசியிருந்தால், காப்பி அறுவடைக்கும் திருவிழாவுக்கும் நான் முடிச்சுப் போட்டிருக்க மாட்டேன். கட்டிய வீட்டில் தூணை நகர்த்துவது பெரிய வேலை.

படிக்கத் தருகிறவரிடம் "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் ஊர் மரியாதைக்கு "நல்லா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்துல சிரிப்பு வந்துச்சு? எங்க படிக்கறத நிறுத்திட்டீங்க? உங்க அக்கா இதப் படிச்சா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டால் வாய் திறக்கும். மூன்றாவது கேள்வி நன்றாக வேலை செய்யும். தன் கருத்தாகச் சொல்லத் தயங்குவதை அக்கா பெயரில் சொல்லிவிடுவார்கள்.

பணம் பற்றி. ஆங்கிலப் பதிப்புலகில் இது கூலி உள்ள வேலை. இங்கே பெரும்பாலும் நட்பில் ஓடுகிறது. பதிப்பகம் கொடுக்காவிட்டாலும் நீங்கள் கொடுங்கள், ஒரு டீயோடு முடித்துவிடாதீர்கள். இரண்டு வாரம் ஒருவர் தன் வாழ்க்கையை உங்கள் கதைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம் நான் கவரை நீட்டியதும் முகம் சுருங்கியது. "மெய்ப்புப் பாக்கறவங்களுக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். "கண்டிப்பா குடுப்போம்" என்றேன். "அப்ப சரி" என்று வாங்கிக்கொண்டார். நன்றி என்று புத்தகத்தில் பெயர் போடுவதற்கு முன்னால் சம்மதம் கேளுங்கள். ஊருக்குள் "நீதான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். என் ரீடர் பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை.

இரண்டாவது படியை அக்டோபர் கடைசியில் அனுப்பினேன். நாயகி இப்போது கிலோ கணக்கை விரல்விட்டு எண்ணுகிறாள், மேனேஜர் சேலத்துத் தமிழ் பேசுகிறார், சிரிப்பு மூன்றாகக் குறைந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எட்டாம் பக்கம், அதில் ஒரே ஒரு வட்டம். "முதுகில் கூடையோடு அவள் மலையேறும் அழகு" என்ற வரியைச் சுற்றி.

ஓரத்தில் இந்த முறை கேள்வி இல்லை. "கூட இடுப்புல கட்டுவோம்ணா. மிச்சத்த அப்புறம் பாக்கறேன், பழம் பழுத்திருச்சு, ஆளு கெடைக்கல. பிப்ரவரிக்கு மேல அனுப்புங்க" என்று எழுதியிருந்தார்.